சேர் வைத்த பரீட்சை

மகாதேவன் சேர் கதைக்கத் தொடங்கினால், குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கிறவனுக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிடும். மேய்ஸ் ஹில் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும், டைல்ஸ் வேலை செய்யும் இந்திரகுமார் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவான்.

சேர் முதலில் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்ப வாத்தியார். பிறகு கரீபியன் தீவுகளுக்குப் போய், தலை நரைக்கும்வரை அங்கே தொழிற்கல்வியைத் திருத்தி அமைத்த மனிதர்.

"எழுத்துப் பரீட்சையைத் தூக்கி எறிஞ்சனான்," என்பார். "மேசன் பரீட்சை மண்டபத்துக்கு வரத் தேவையில்லை. பரீட்சகர்தான் அவன் வேலை செய்யிற இடத்துக்குப் போய், வெயிலுக்கை நிண்டு பாக்கோணும். கை சரியெண்டால் சேர்ட்டிபிகேட். பேர் எழுதத் தெரியாத ஒருத்தர் அங்கை சுவர் கட்டினார், பாருங்கோ..."

அந்தச் சுவர்காரரின் கதையை எத்தனை முறை கேட்டாலும் இந்திரகுமாருக்கு அலுக்காது. சண்டைக்குள் பள்ளிக்கூடத்தைக் காணாமலே வளர்ந்தவன் அவன். தமிழையே, புலம்பெயர்ந்து வந்தபின், மெரிலேண்ட்ஸ் வாடகை வீட்டின் குசினி மேசையில், மகளின் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டித்தான் படித்தான். வேண்டியது தன் பெயரில் ஒரு லைசென்ஸ், அவ்வளவுதான். அது இல்லாததால் இத்தனை வருடமும் இன்னொருவன் பெயருக்குக் கீழே முழங்கால் தேய்கிறது. லைசென்ஸ் எடுக்கச் சேர்ட்டிபிகேட் வேண்டும். சேர்ட்டிபிகேட் எடுக்க இங்கிலீசில் பரீட்சை எழுத வேண்டும். அந்த இடத்தில்தான் அவன் கதை ஒவ்வொரு முறையும் நின்றுபோனது.

பரமட்டாப் பக்கம் புதிதாகத் தொடங்கும் பயிற்சி நிலையத்துக்குச் சேரைத் தலைவராகப் போட்டபோது, அவரே இவனைக் கூப்பிட்டார்.

"இஞ்சையும் அதே முறைதான், இந்திரகுமார். வேலை செய்து காட்டினால் போதும். மாணவர் பழகிறதுக்கு நிலையத்திலை குளியலறையள் கட்டோணும். நல்ல கைகாரராப் பாத்துக் கூட்டிக்கொண்டு வாரும். அதுதான் உங்களுக்குப் பரீட்சை."

இந்திரகுமார் தன்னோடு வேலை செய்யும் அருந்தவனையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிப்போனான். சனி ஞாயிறுகளில் வந்த வேறு வேலைகளையெல்லாம் விட்டார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பார்சலில் முதல் பங்கைச் சேருக்கு வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிட்டார்கள்.

"மச்சான், பரீட்சை எண்டால் ஆராவது மார்க் போடோணுமே?" என்றான் அருந்தவன். "இந்தாள் சும்மா போனிலை கலியாண வீட்டு வீடியோக்காரன் மாதிரிச் சுத்திச் சுத்தி எடுக்குது. ஒருக்கால் கேளன்."

"உனக்கென்ன விசரே? சேரிட்டைப் போய் அதைக் கேக்கிறதோ!"

ஒருவரும் கேட்கவில்லை. படிப்பித்த மனிதரிடம் வாக்கை உறுதிப்படுத்தச் சொல்வது அவர்களுக்குப் பழக்கமில்லை. கடைசி நாள் சேர் தரையில் வாளித் தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டுத் தேங்காமல் அது வடிகாலுக்கு ஓடியது. "அருமை" என்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார்.

"பாஸ் போலக் கிடக்கு," என்று அருந்தவனே சிரித்தான்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றி, பெரிய ஆட்கள் பேசி முடிந்தபின் சேர் மைக்கைப் பிடித்தார். "இந்த அறைகளை எமது தொழிலாளச் சகோதரர்கள் கூலி வாங்காமல் சிரமதானமாகக் கட்டித் தந்தார்கள்," என்று சொல்லி, இந்திரகுமாரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓயும் முன்னரே அடுத்த அறிவிப்பும் வந்தது: சேர்ட்டிபிகேட்டுக்கு எல்லோரும் எழுத்துப் பரீட்சை எடுக்க வேண்டும், இங்கிலீசில்.

விருந்தாளிகள் போகும்வரை காத்திருந்து, இந்திரகுமார் கார் பார்க்கில் சேரைப் பிடித்தான்.

"சேர், அது சிரமதானமில்லை. பரீட்சை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"சத்தம் போடாதையும்."

"மெதுவாத்தான் கேக்கிறன்."

"நிர்வாகத்திலை ஒத்துக்கொள்ளேல்லை. கைவேலையைப் பாத்துக் குடுத்தால் அரசாங்கத்தின்ரை ஓடிட்டிலை மாட்டுப்படுவம் எண்டினம்."

"எப்ப சொன்னவை?"

சேர் கார்ச் சாவியைக் கைக்குள் உருட்டினார். "நீங்கள் வேலை தொடங்க முதல்."

"தெரிஞ்சுகொண்டோ எங்களை வேலை வாங்கினனீங்கள்?"

"சொன்னால் வந்திருப்பியளே? அறையள் இல்லாட்டி நிலையத்துக்கு அனுமதி இல்லை. நிலையம் நிண்டால்தான் பிறகு முறையை மாத்தலாம். கரீபியனிலையும் அப்பிடித்தான் செய்தனான்."

"அங்கை சுவர் கட்டினவருக்குக் குடுத்தனீங்கள்தானே?"

சேர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அவருக்குக் குடுக்கேலாமல் போச்சு. பிறகு வந்தவைக்குக் குடுத்தம்."

"அவர் வந்து கேக்கேல்லையோ, சேர்?"

"கேட்டவர். அடுத்த முறை உமக்குத்தான் முதலிடம் எண்டு சொன்னனான்." அவர் இந்திரகுமாரின் தோளில் கை வைத்தார். "உமக்கும் அதைத்தான் சொல்ல இருந்தனான்."

இந்திரகுமார் அந்தக் கையை எடுத்துவிட்டான். பொன்னாடையைக் கழற்றிக் காரின் மேல் வைத்துவிட்டு, வேன் நின்ற பக்கம் நடந்தான்.

"என்னவாம் மச்சான்?" அருந்தவன் கதவைத் திறந்தான். "எங்களையும் எழுதச் சொல்லுதோ?"

"நாங்கள் செய்தது பரீட்சையே இல்லையாம். அவருக்கு முதலே தெரியும்."

அருந்தவன் கதவைப் பிடித்தபடி கேட்டான்.

"சரி, அவருக்குத் தெரியும். மேடையிலை ஏறிப் பொன்னாடை வாங்கின உனக்குத் தெரியாதோ?"

பின் இருக்கையில் இருந்த மூன்று பேரும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.