யாகப்பர் சம்மாட்டியின் மெழுகு

யாகப்பர் சம்மாட்டியின் படகு எஞ்சினுக்குக் காலையில் ஒரு குணம், வெயிலேறினால் இன்னொரு குணம். விடியலில் கயிற்றை ஒருதரம் இழுத்தால் போதும், உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். வலை கிடக்கும் இடம் கரையிலிருந்து கிட்டத்தான். அங்கே போய் எஞ்சினை நிறுத்தி, வலையை இழுத்து ஏற்றிவிட்டுத் திரும்பலாமென்று கயிற்றைப் பிடித்தால் அது செத்த சாமான். எஞ்சின் பிடிக்கிற என் கணவர் யோசேப்பும் கூடப் போகிறவர்களும் தண்டு வலித்துக்கொண்டு மத்தியானத்தில் வந்து சேர்வார்கள். அதற்குள் மீனின் செவுள் வெளிறிப் போகும். வியாபாரி பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு, கையை மணலில் துடைத்துக்கொண்டு போய்விடுவான்.

எங்கள் தாழ்வுபாட்டுக் கரையில் எஞ்சின் வைத்திருக்கிறவர்கள் அப்போது கொஞ்சப் பேர்தான். ஆனால் எஞ்சினைப் பற்றித் தெரியாதவர் ஒருவருமில்லை. உப்புப் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். அவர் சொல்லி ஒரு கிழமை எஞ்சினில் தேசிக்காய் தொங்கியது. அது காய்ந்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றிச் சுட்டார்கள், தேய்த்தார்கள், ஒருவர் நக்கியும் பார்த்தார். கழற்றுகிற நேரமெல்லாம் பிளக் பெற்றோலில் ஊறிப்போய்க் கிடக்கிறது என்று யோசேப் சொன்னார். வேலை செய்கிறவன் சொல்வதை யார் கேட்டார்கள்?

படகு முதலாளியான சம்மாட்டி கடைசியாகக் கண்டுபிடித்தது இது: எஞ்சினில் பிழையில்லை, ஆளில்தான் பிழை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, நாலு பேர் கேட்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை தன் மச்சான் அந்தோனிமுத்து முள்ளிக்குளத்திலிருந்து வருகிறாராம், சூடான எஞ்சினை எல்லாருக்கும் முன்னால் எழுப்பிக் காட்டுவாராம், அன்றிலிருந்து எஞ்சின் அவர் கையிலாம்.

மீன் காசில் எஞ்சின்காரனுக்கு மற்றவர்களைவிட ஒரு பங்கு கூட. அது போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் ‘யாகப்பர் இறக்கிவிட்ட ஆள்’ என்ற பெயரோடு யோசேப் இந்தக் கரையில் வேறு எந்தப் படகில் ஏறுவார்? அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ஆத்திரம் வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

பெற்றோல் ஊற்றுகிற எண்ணெய்த் தாங்கியைப் படகில் விட்டால் களவு போய்விடும். அதனால் யோசேப் அதை நாளும் தோளில் தூக்கி வந்து குசினிக்குப் பக்கத்தில் வைப்பார். சம்மாட்டி அரைத் தாங்கிக்கு மேல் எண்ணெய் ஊற்ற விடுவதில்லை, பாரம் கூடுமாம். திங்கள் மத்தியானம் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாங்கியைப் பார்த்தேன். விடியப் போகும்போது சப்பையாகப் போன சாமான், வெயிலில் கிடந்து வயிறு ஊதி வந்திருந்தது. கையை வைத்தேன், சுட்டது. ஆவி போகிற ஓட்டையை அடைத்துவிட்டுப் புட்டுக்குழலை அடுப்பில் வைத்தால் மூடி முகட்டுக்குப் போகும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தாங்கிக்கு அப்படி ஓட்டை இல்லையா என்று மூடியைக் குனிந்து பார்த்தேன். இருந்தது. அதன் சின்னத் திருகாணியை இறுக்கி, மேலே மெழுகு ஊற்றி, விரலால் அழகாகத் தடவியும் விட்டிருந்தார்கள்.

யோசேப்பைக் கூப்பிட்டுக் கேட்டேன். சுவாமி வந்து படகு மந்திரித்த அன்று சம்மாட்டிதான் ஊற்றினாராம். மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த திரியாம். எண்ணெய்க்குள் கடல் தண்ணியும் போகாது, கண்ணூறும் போகாது என்றாராம்.

“அது காத்துப் போய்வாற ஓட்டை எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும்.”

“வெயிலுக்கு உள்ள ஊதினால், குழாய் வழிய பெற்றோல் போய் எஞ்சினை நனைக்கும் எண்டும் தெரியும்?”

“தெரியும், எடித். ஆனா அது சம்மாட்டி வைச்ச மெழுகு. மந்திரிச்சது வேற.”

கடலில் சுறா சுற்றினாலும் அசையாத மனிதர். ஒரு துளி மெழுகுக்குப் பயந்து மாதக்கணக்காகத் தண்டு வலித்திருக்கிறார். அவருடைய பயத்தை நம்பிப் பிரயோசனமில்லை என்று பின்னேரமே பங்குச் சுவாமியிடம் போய், மெழுகில் கைவைக்கலாமா எனக் கேட்டு வந்தேன். தடையில்லை என்றார். வந்ததும் யோசேப் மெழுகைச் சுரண்டப் போனார். நான்தான் தடுத்தேன். இப்போது திறந்தால் வெள்ளிக்கிழமை எஞ்சினை எழுப்பப் போவது யார்? அந்தோனிமுத்து. மெழுகு நாலு நாளைக்கு இருக்கட்டும். அவர் முதலில் இழுக்கட்டும்.

அந்தோனிமுத்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். நானாட்டானில் இரண்டு போகம் டிராக்டர் ஓடியவராம். எஞ்சினை மாடு வாங்க வந்தவரைப் போலச் சுற்றிப் பார்த்து, இரண்டு தட்டுத் தட்டினார்.

“டிராக்டரும் இதுவும் ஒண்டுதான். அதுக்குக் கீழ சில்லு, இதுக்குக் கீழ காத்தாடி.”

கரையே தலையாட்டியது.

யோசேப் படகை மேலும் கீழும் ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து முழங்கால் தண்ணியில் நங்கூரம் போட்டு நிறுத்தினார். வெயில் நன்றாக ஏறட்டும் என்று சம்மாட்டி எல்லோரையும் காக்க வைத்தார். பிறகு மச்சானைப் பார்த்துக் கையசைத்தார்.

அந்தோனிமுத்து சோக்கை முழுக்க இழுத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். ஏற்கெனவே பெற்றோல் குடித்து மூச்சு முட்டிக் கிடக்கிற எஞ்சினுக்கு அது இன்னும் ஊற்றிவிடுகிற வேலை. இழுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இழுத்தார். சேட்டைக் கழற்றிவிட்டு இழுத்தார். தண்ணியில் எண்ணெய் நிறம் நிறமாகப் படர்ந்தது. கரையிலிருந்து ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள்; அவர் ஒவ்வொன்றையும் செய்தார். கடைசியில் கயிற்றின் கைப்பிடி நழுவி, மனிதர் மல்லாக்க வலைக்கு மேல் விழுந்தார். விழுந்தபடியே, கடல் காற்று இந்த எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை என்றார். கடலில் ஓடுகிற எஞ்சினுக்கு!

சம்மாட்டிக்கு முகம் கறுத்தது. யோசேப் பொறாமையில் பிளக்கை மாற்றி வைத்திருக்கிறான் என்று கத்தத் தொடங்கினார். அதற்கும் கரை தலையாட்டியது. நான் மீன் வெட்டுகிற கத்தியோடு தண்ணிக்குள் இறங்கினேன். அப்போதுதான் தலையாட்டம் நின்றது.

“சம்மாட்டியார், இந்தத் தாங்கியை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ.”

தண்ணிக்குள் வந்து தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். கத்தி முனையால் மெழுகைச் சுரண்டினேன்.

“பிள்ளை, அது மந்திரிச்ச மெழுகு.”

“சுவாமியட்டக் கேட்டனான். திரியை மந்திரிக்கிறது கொளுத்திறதுக்காம், ஓட்டை அடைக்கிறதுக்கு இல்லையாம்.”

திருகாணியை நெம்பித் திருப்பியதும் தாங்கி சீறியது. கரையில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்குமளவுக்குச் சீறி, வயிறு வற்றிச் சப்பையானது. புத்தி சொன்னவர்களெல்லாம் தங்கள் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யோசேப் படகில் ஏறினார். சோக்கைத் தள்ளி மூடினார். எண்ணெய்க் குழாயைக் கழற்றி வைத்தார். வேகப் பிடியை முழுக்கத் திறந்து, நனைந்து கிடந்ததெல்லாம் வெளியேறட்டும் என்று வெறுமனே சில தரம் இழுத்தார். அவசரப்படவில்லை. பிறகு எஞ்சின் இருமி, கரும்புகை கக்கி, எழும்பியது. குழாயை மாட்டினார். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினார். யாரோ ஒருவர் சுருட்டுப் பிடித்து முடிக்கும்வரை அந்த வெயிலிலேயே வைத்திருந்துவிட்டு இழுத்தார். ஒரே இழுவை.

சம்மாட்டி தொண்டையைச் செருமினார்.

“புனித அந்தோனியார் கைவிடமாட்டார் எண்டு நான் அப்பவே சொன்னனான்தானே” என்றார். அப்படி அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. மச்சானுக்கு நானாட்டானில் அவசர வேலை கிடக்குதாம், யோசேப்பே எஞ்சினைப் பிடிக்கட்டும் என்று என் கணவரைப் பாராமல் கடலைப் பார்த்துச் சொன்னார். அந்தோனிமுத்து மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டார். கண்ணாடி வலைக்குள் சிக்கி உடைந்திருந்தது.

இத்தோடு மெழுகு போயிருக்கும் என்று நினைத்தால் நீங்கள் யாகப்பர் சம்மாட்டியை அறியாதவர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் திரியோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மெழுகில் ஒரு பிழையுமில்லை, போன முறை கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான் என்றார். திருகாணியை இறுக்கி, அளவாக ஊற்றி, விரலால் தடவிவிட்டுப் போனார். யோசேப் பக்கத்தில் நின்று திரியைப் பிடித்துக் கொடுத்தார்.

ஞாயிறு தோறும் இதே பூசைதான். திங்கள் விடிய, யோசேப் தாங்கியைத் தோளில் ஏற்றுவதற்கு முதல் நான் கத்தியை எடுத்துக்கொண்டு வருவேன். ஓரத்து மெழுகு உடையாமல் சுரண்டச் சொல்லுவார், சம்மாட்டியின் கண்ணில் பட்டுவிடுமாம். நான் முழுவதையும் சுரண்டி அவர் காலடியில் தட்டிவிட்டு, திருகாணியைத் திறந்து அனுப்புவேன்.