தண்ணி வருமா?

காலை எட்டு மணிக்கு எங்கள் முன்னறைச் சுவரில் வெயில் இறங்கும். கிழக்கு ஜன்னல் வழியே வந்து, எதிர்ச்சுவரின் மேல்பக்கம் தொட்டு, விரல் விரலாகக் கீழே வரும். அந்தச் சுவரில் பீரோ நிற்கிறது. பீரோவுக்குப் பின்னால் வெயில் போனதே இல்லை.

பின்னால் ஒரு கோடு இருக்கிறது. என் இடுப்பு உயரம். சேற்று நிறம். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் தண்ணீர் மூன்று நாள் நின்று போட்டுவிட்டுப் போன கோடு.

வீடு முழுக்க இருந்தது. மூன்று பொங்கலுக்கு மூன்று முறை பெயின்ட் அடித்து மறைத்தோம். பீரோவை யார் நகர்த்துவது? அங்கே மட்டும் அப்படியே விட்டோம்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வீடு பார்க்க வருகிறார்கள்.

புரோக்கர் லோகு புதன்கிழமை வந்து சொன்னான். "வாங்கறவங்க ஒரு நர்ஸம்மா, அக்கா. நைட் டூட்டி முடிச்சு புருஷனோட நேரா இங்க வர்றாங்க. ஒன்பது மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள காட்டிடணும்."

சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பார்த்த பார்வையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷம் பெருக்கித் துடைத்த வீடு. இவன் மூக்கைச் சுளிக்கிறான்.

என் வீட்டுக்காரர் தணிகாசலம். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். பெரிய வீரர் என்று சொல்லமாட்டேன், கரப்பான்பூச்சிக்கு நாற்காலி ஏறுவார். ஆனால் மழைக்குப் பயந்ததில்லை. அந்த டிசம்பரில் ஒரு விடியற்காலை, கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். முழங்கால்வரை போயிற்று.

அன்றிலிருந்து தூறல் விழுந்தால் போதும். படுத்தபடியே கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தொடுவார். தொட்டு, வேட்டியில் துடைத்து, கால் மணி கழித்து மறுபடி தொடுவார். பத்து வருஷமாக மழைக்காலத்தில் அந்த மனுஷன் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நான் மட்டும் தூங்கினேனா என்ன?

திருச்சியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றாம் மாடி. இது விற்றால்தான் அது. இப்போது ஆவணி. ஐப்பசி மழைக்குள் அவரை மூன்றாம் மாடியில் ஏற்றிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லோகு சொன்னதையெல்லாம் செய்தேன். கொடியை அவிழ்த்தேன். அடுப்பு மேடை டைல்ஸைத் தேய்த்தேன். ஃப்யூஸ் போன பல்பெல்லாம் மாற்றினேன். காலண்டர் ஐந்து இருந்தது, நான்கைக் கழற்றினேன். ஆணி அடித்த ஓட்டையில் வெள்ளைச் சிமென்ட் வைத்தேன்.

"பரண்ல இவ்ளோ மூட்டை ஆவாதுக்கா. எதுக்கு மேல ஏத்தி வெச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க."

இறக்கினோம். மிக்ஸி அட்டைப்பெட்டியோடு. மகளின் கல்யாண ஆல்பம் பாலிதீனில் சுற்றி. பத்திரம், ரேஷன் கார்டு, அரிசி மூட்டை, அவருடைய பழைய யூனிஃபார்ம். ஒவ்வொன்றாக நான் வாங்கித் தரையில் வைத்தேன். அவர் ஏணியில் நின்றபடி, தரையில் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளைக்குத்தானே?" என்றார்.

"ரெண்டே நாளைக்குத்தான். வெயில் கொளுத்துது, இறங்குங்க."

பிளக் பாயின்ட் விஷயமும் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிட்டோம். குழந்தைகள் கை வைக்காமலிருக்க என்று சொல்லச் சொன்னான் லோகு. இந்த வீட்டில் குழந்தை இருந்தது எந்தக் காலத்தில்? சரி, சொல்லித் தொலைப்போம்.

"முக்கியமா ஒண்ணு. தண்ணி வருமான்னு கேப்பாங்க. யோசிக்காதீங்க. வராதுன்னு பட்டுன்னு சொல்லிடுங்க."

பாத்ரூம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். வராது. பூஜை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது சொன்னேன். வரவே வராது. ஜன்னல் கம்பியைத் துடைக்கும்போது சொன்னேன். ஒரு சொட்டுகூட வராது. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோல் இருந்தது.

சனிக்கிழமை. எட்டு மணி. வெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. வந்தார்கள்.

பியூலா, அந்த நர்ஸ். முப்பத்தைந்து இருக்கும். கண்ணெல்லாம் தூக்கம். புருஷன் ஜெபராஜ், லாரிக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை. நல்ல உடம்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று, அதுதான் கஷ்டம்.

ஜெபராஜ் சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்தபடி கேட்டார். "தண்ணி வருமா ஆன்ட்டி?"

"வராதுப்பா! ஒரு சொட்டுகூட வராது. பத்து வருஷமா வரல."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ஜெபராஜ் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பத்து வருஷமாவா? அப்ப குடிக்க, குளிக்கல்லாம் என்ன பண்றீங்க?"

லோகு தலையில் அடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரருக்கு வாயில் வைத்த காபி புரையேறியது. நான் அசடு வழிந்து நின்றேன். "அய்யோ, குழாய்த் தண்ணியா? அது வரும்பா. ஜம்முன்னு வரும். போர் இருக்கு, மெட்ரோ தண்ணி இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். பியூலாவும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீங்க எந்தத் தண்ணியச் சொன்னீங்க ஆன்ட்டி?"

லோகு தொண்டையைச் செருமினான். அவள் சுவரில் நெஞ்சு உயரத்தில் இருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்தாள்.

முன்னறைக்கு வந்தாள். பீரோவுக்குப் பக்கத்தில் நின்றாள். "எங்க அத்தைக்கு நடக்க முடியாது. மூணு வருஷமாப் படுக்கைதான்" என்றாள். மாமியாரைச் சொல்கிறாள். "காத்தோட்டமா இருக்கு. இங்கதான் கட்டில் போடணும்."

கையால் கட்டிலின் உயரம் காட்டினாள். என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

கோடு என் இடுப்பு உயரம்.

நான் நல்லவளெல்லாம் இல்லை. இரண்டு நாள் அழகாகப் பொய் பழகியவள்தான். ஆனால் அந்தக் கை நின்ற உயரத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"என்னங்க, இந்தப் பக்கம் புடிங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார். வந்து பிடித்தார். பீரோ தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. ஒட்டடை, ஒரு ஹேர்பின், செத்த பல்லி ஒன்று. அதற்கு மேலே, கோடு.

"மூணு நாள் நின்னுச்சு" என்றேன். "அப்புறம் உள்ள வரல. வாசல்வரைக்கும் நாலு தடவ வந்திருக்கு."

பியூலா கோட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "ஒரு மழை பாத்துட்டுச் சொல்றோம் ஆன்ட்டி" என்றாள். என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் லோகு கத்தினான். "வீடு விக்கணுமா வேணாமாக்கா உங்களுக்கு?" ராகு காலம் ஆரம்பித்திருந்தது.

ஒரு மழை பார்க்க வேண்டுமாம். எந்த மழைக்கு முன்னால் இந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தேனோ, அந்த மழை. என் வாயாலேயே கெடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஒரு சொட்டுகூட வராதுன்னு நல்லா சொன்ன போ" என்றார் அவர். சிரித்தார். பிறகு ஏணியை எடுத்துச் சாத்தினார். மிக்ஸியை மேலே ஏற்றினார். ஆல்பத்தை ஏற்றினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே அழுதேன்.

லோகு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். கோட்டை முதலிலேயே காட்டினேன். நின்ற காலிலேயே போய்விட்டார்கள்.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது.

எங்கள் வாசலுக்கு நான்கு படி. கட்டியபோது ஆறு. ரோடு போட்டுப் போட்டு இரண்டை விழுங்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது தெருவில் தண்ணீர் நின்றது. எட்டரைக்கு போன் வந்தது.

"தண்ணி வருதா ஆன்ட்டி?"

"எந்தத் தண்ணி?" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. அதற்குள் இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இரும்மா, பாத்துச் சொல்றேன்." குடையை எடுத்துக்கொண்டு கேட்டுவரை போனார். மழை பெய்யும்போது அவர் வாசலைத் தாண்டி நான் பார்த்துப் பத்து வருஷமாயிற்று. "ஒண்ணாம் படி பாதிம்மா" என்று கத்தினார், போனிலேயே கேட்கும் என்று தெரியாதவர்போல.

புதன்கிழமை மழை. போன். "ஒண்ணாம் படி முழுகிடுச்சு."

வியாழக்கிழமை மழை. அவளுக்கு முன்னால் இவரே கூப்பிட்டார். "ரெண்டு முழுகிடுச்சு. மூணாம் படியத் தொடுது. நீ டூட்டி முடிச்சு வந்திருப்ப, தூங்கும்மா. மூணு முழுகினா நானே எழுப்பறேன்."

உள்ளே வந்தார். காலைத் துடைத்தார். கட்டிலில் படுத்தார். நான் கதவோரம் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தொங்கும். இப்போது தரையைத் தொடும்.

கை நெஞ்சின்மேல் கிடந்தது, போனைப் பிடித்தபடி. வெளியே மழை கொட்டியது. அவர் குறட்டை விட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் தரையை ஏன் தொட வேண்டும்?

மூன்றாம் படி முழுகவில்லை.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. எட்டு மணிக்குப் பியூலாவும் ஜெபராஜும் வந்தார்கள், கூட ஒரு மேஸ்திரி. மேஸ்திரி மொட்டைமாடிக்குப் போய் ஓர் அறை கட்ட அளந்தார். மழை மூன்று மாதமும் அத்தை மேலே இருப்பாராம். தூக்கிக்கொண்டு போகத்தான் ஜெபராஜ் இருக்கிறாரே.

திருச்சிக்கு போன் போட்டேன். தை மாதம் வருகிறோம் என்றேன்.

"எல்லா செவுத்துக்கும் பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறோம்மா" என்றார் இவர்.

"அடிங்க அங்கிள். இந்தச் செவுத்துக்கு மட்டும் வேணாம். எங்களுக்கு அளவு வேணும்."

அன்று நகர்த்திய பீரோவை நாங்கள் திரும்ப வைக்கவே இல்லை. சுவர் வெறுமையாக இருந்தது. வெயில் மேல்பக்கம் தொட்டு, விரல் விரலாக இறங்கி, கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டிக் கீழே போயிற்று.