மேலே எட்டு, கீழே இருபது

எங்கள் பழைய கார் ஒரேயடியாக நின்றுபோனபோது, எண்ணெய்க் கப்பல் வராமல் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு வண்டிக்கு வாரம் பத்து லிட்டர் என்று அட்டை கொடுத்திருந்தார்கள். அட்டையில் ஒரு வண்டியின் எண்ணை ஏற்றிவிட்டால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது.

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீடு மலைமேல், ஆஸ்பத்திரி அடிவாரத்தில். நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று இறங்கும். ஏறி வருவது மறுநாள்தான். அடிவாரத்தில் தங்கலாம் என்றால், எங்களைப் போன்றவர்கள் எல்லா அறைகளையும் முன்பே பிடித்துவிட்டார்கள். கூடுதல் பெட்ரோல் கேட்டு எழுதிய மனு பரிசீலனையில் இருந்தது. ஆக, வாரத்துக்கு நூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும், பத்து லிட்டரில்.

வண்டித் தரகரை எல்லோரும் ஸ்டெப்னி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி விற்றாலும் பின்னால் தொங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் மூன்று வண்டிகளைக் காட்டினார்.

முதலாவது மின்சார வண்டி. எங்கள் ஊரின் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் வருகிறது, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். "இது பெட்ரோலை வாயால குடிக்காது, கம்பி வழியா உறிஞ்சும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் அப்பா. இரண்டாவது சின்ன வண்டி. எண்ணெய் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அம்மாவின் கால்கள் இழுத்துக்கொள்ளும், படுத்தாக வேண்டும். அம்மா அதில் ஏறி ஒரு சுற்று வந்தாள்.

"என்னை மடிச்சில்ல வெச்சிருக்கீங்க. வீட்டுக்குப் போய் இஸ்திரி போடணும்."

மூன்றாவது பழையது, பெரியது. பின்சீட்டில் அம்மா முழுதாகப் படுக்கலாம். அது பத்து லிட்டரில் ஓடுமா என்பதுதான் கேள்வி. ஓடாவிட்டால், மடித்து வைத்தாலும் பரவாயில்லை என்று சின்னதை வாங்குவதாகப் பேச்சு.

அப்பா பல் செட்டு செய்கிறவர். நூலளவு கூடக்குறைய இருந்தாலும் ஈறு புண்ணாகும் என்று அறிந்தவர், எதையும் அளக்காமல் நம்பமாட்டார். நான் இயற்பியல் படித்தவள், மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அளக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார்.

ஸ்டெப்னி பெட்ரோல் டேங்கின் குழாயைக் கழற்றி, ஒரு லிட்டர் பாட்டிலை எஞ்சின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். பாட்டில் காலியாகி வண்டி நிற்கும்வரை மலையேறினோம். எட்டு கிலோமீட்டர். மறுபடி ஒரு லிட்டர் ஊற்றி, உச்சியிலிருந்து இறங்கினோம். இருபது. இரண்டு லிட்டரில் இருபத்தெட்டு, லிட்டருக்குப் பதினான்கு. வாரத்துக்கு ஒன்பதரை லிட்டர்கூட ஆகாது. ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அம்மாவிடம் "நீ படுத்துக்கிட்டே வரலாம்" என்றார். அன்றே அட்டையில் எண் ஏறியது.

முதல் வாரம் டேங்கில் பழைய பெட்ரோல் கொஞ்சம் மிச்சமிருந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம், மூன்றாம் முறை திரும்பி வரும்போது, வீட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கையில் வண்டி நின்றுவிட்டது. ஒரு காய்கறி லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. அம்மா ஒவ்வொரு குலுக்கலுக்கும் காலைப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள் என்றார் அப்பா. ஸ்டெப்னியைக் கூப்பிட்டு ஒரு மாதிரியாகக் கேட்டார். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"சார், பாட்டில் ஊத்துனது நான். எழுதுனது பாப்பா. அந்தத் தாளைப் பாருங்க."

தாளைப் பார்த்தேன். எண்களில் தவறில்லை. இரண்டு லிட்டரில் இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியது உண்மை. ஆனால் எட்டு ஏறி, இருபது இறங்கியிருந்தோம். வீட்டுக்கு வர வேண்டுமென்றால், இறங்கிய இருபதையும் ஏறியாக வேண்டும். சரியாகப் போட்டால் வாரத்துக்குப் பதினொன்றரை லிட்டர். நான் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷனில் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

சொன்னபோது அப்பா ஒரு பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒன்றரை லிட்டர்தானே, எங்காவது கிடைக்கும் என்றார். வெறும் பாட்டிலோடு தெருவில் இறங்கினார். எதிர்வீட்டு ஆசிரியர் அரை லிட்டர் கொடுத்தார். அடுத்த வாரம் அவர் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தது, கதவு திறக்கவில்லை. அவருக்கும் பத்து லிட்டர்தான்.

இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டால் மிச்சமாகும் என்றும் பார்த்தோம். எஞ்சின் ஓடாததால் மூன்றாவது வளைவில் பிரேக் கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்து, மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டு மெதுவாக இறங்கினேன்.

அட்டை அலுவலகத்தில் என் தவறை எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாகப் படித்தார். சின்ன வண்டிக்கு மாற்ற, இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது என்றார். நர்ஸிடம் இரண்டு முறை போதுமா என்று கேட்டேன். போதாது, வண்டிக்கு வழி பண்ணுங்கள் என்றார்.

அந்த வாரம் மூன்றாம் முறை போகவில்லை. காலையிலேயே அம்மாவின் பாதங்கள் வீங்கியிருந்தன. செருப்பு நுழையவில்லை. அப்பா வேலை மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. எந்தப் பல்லையும் தொடவும் இல்லை. நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் அதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"வாரம் மூணு தடவைன்னா ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணின்னு சொன்னாங்க இல்ல, இப்ப ரெண்டு தடவைன்னா எவ்வளவு குடிக்கலாம்? நர்ஸைக் கேட்டா திட்டுவா. நீயே கணக்குப் போட்டுச் சொல்லு."

அவள் தலையணைக்கு அடியில் தேடி, பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.