அடிக்காத போன்

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தின் நீராவி தெருவரைக்கும் வந்துவிடும். ஓட்டல்களிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்த ஈரத்தோடு ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அவற்றைச் சூட்டு உருளைக்குள் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையை ஒருத்தி, அந்த முனையை இன்னொருத்தி. சேர்ந்து இழுத்து, சேர்ந்து விட வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். நேராக்கக் கையை நீட்டினால் தோல் உரிந்துவிடும். மணிக்கு இருநூறு விரிப்பு. சும்மா சொல்லக் கூடாது, அந்த உருளைக்கு மட்டும் களைப்பே கிடையாது.

முதல் உருளையில் நிற்கிறவர்களை நெட்டை, குட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆறு வருட ஜோடி. ஆனால் இந்த ஒரு மாதமாக நெட்டையைக் கண்டாலே குட்டைக்கு வயிறு எரிந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நெட்டையின் போன் அடிக்கவில்லை. அவ்வளவுதான்.

வேலை நேரத்தில் போன் கூடாது என்று, எல்லோர் போனையும் போட்டு வைக்க வாசலில் ஒரு மர அலமாரி வைத்திருந்தார் முதலாளி. காலை எட்டு மணி அடித்ததும் அது கிடுகிடுவென்று நடுங்கும். கடன் கம்பெனிக்காரர்கள் வசூலுக்கு உட்காருகிற நேரம் அது. கூடுதல் நேரச் சம்பளத்தை முதலாளி நிறுத்தியதிலிருந்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று எல்லோருக்கும் கழுத்துவரை வந்துவிட்டது. குட்டைக்கு நான்கு கடன். கணவன் காலை முறித்துக்கொண்டபோது வாங்கியது ஒன்று. அதை அடைக்க வாங்கியது இரண்டு. நான்காவதைச் சொல்லவே வெட்கம். நெட்டை வீட்டு சோபாவைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நாள் புரண்டு படுத்து, தவணையில் வாங்கிப் போட்ட அதே மாதிரி சோபா.

அந்த நெட்டையோ இப்போது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விரிப்பை இழுக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புகூடப் போய்விட்டது.

"ஏண்டி, உன் போனு செத்துப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. நீ விரிப்பைப் பாரு, கோணுது."

மழுப்பினாள் பாருங்கள், அதுதான் குட்டைக்குப் பொறுக்கவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்: முதலாளிதான் இவள் கடனை ரகசியமாக அடைத்திருக்கிறார்!

ஏனென்றால் முதலாளி அந்த வாரம்தான் எல்லோரிடமும் ஒரு பத்திரத்தை நீட்டியிருந்தார். கையெழுத்துப் போட்டால் கடன்களை அவரே அடைப்பாராம். பதிலுக்கு மூன்று வருடம் பாதிச் சம்பளம். நடுவில் வேலையை விட்டுப் போகக் கூடாது. குட்டை நேரே அவர் அறைக்குப் போனாள்.

"நெட்டைக்கு மட்டும் சலுகை காட்டியிருக்கீங்க. எனக்கும் அதே மாதிரி செய்யுங்க சார்."

"அவளுக்கா? நான் ஒத்தப் பைசா குடுக்கலியே." முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவளும் அஞ்சு எடத்துல வாங்கினவதானே? எப்படி போன் வராம இருக்கும்?"

குட்டை வெளியே வருவதற்குள் அவர் கடன் கம்பெனிக்காரன் ஒருவனுக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை உருளை சூடேறியதும் முதலாளி நேராக அங்கே வந்தார்.

"என்னம்மா, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டியாமே? திவாலானவளுக்கு இங்க வேலை இல்ல. இப்பவே கெளம்பு."

கூடமே திரும்பிப் பார்த்தது. நெட்டையின் முகம் சிவந்தது. ஆனால் அவள் முனையை விடவில்லை.

"கடனைக் கோர்ட்டு பாத்துக்குது சார். மனுவை எடுத்துக்கிட்டாங்க, இனிமே எவனும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு உத்தரவும் போட்டுட்டாங்க. என் வேலையில என்ன கொறை?"

"மத்தவளுங்களுக்கும் இதைச் சொல்லிக் குடுத்து என் பத்திரத்தைக் கெடுக்கலாம்னு பாக்குறியா?"

"யாருக்கும் சொல்லல. வெக்கமா இருந்துச்சு."

"உன் சோபா?" என்றாள் குட்டை மெதுவாக.

"கோர்ட்டுல எடுத்துக்கிட்டுப் போயி ஒரு மாசம் ஆச்சு. டிவியும் கட்டிலும் போச்சு. அடுப்பையும் பாத்திரத்தையும் தொடல. இனி எத்தனையோ வருஷத்துக்கு எவனும் எனக்குக் கடன் தர மாட்டான்."

அட கடவுளே! வெறும் தரையில் படுத்துத் தூங்குகிறவளைப் பார்த்தா இத்தனை நாள் வயிறெரிந்தோம் என்று குட்டைக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். உருளை நின்றது.

"நான்தாண்டி உன்னைப் போட்டுக் குடுத்தேன். பொறாமையில போய் உளறிட்டேன்."

நெட்டை அவளை ஒரு பார்வை பார்த்தாள். "பாவி," என்றாள்.

"நாடகம் போதும்," என்று மடிப்பு மேசைப் பக்கம் திரும்பினார் முதலாளி. "ஏம்மா, நீ வந்து அந்த முனையைப் புடி."

மடிப்புக்காரி அசையவில்லை. "நான் வரல சார். எனக்கு மூணு கடன் இருக்கு. அந்தக் கோர்ட்டு எங்க இருக்குன்னு அவளைத்தான் கேக்கணும்."

"ஒத்த ஆளா உருளைக்குக் குடுக்க முடியாது," என்றாள் குட்டை. "அவ நின்னாத்தான் நானும் நிப்பேன். கூடுதல் நேரக் காசு வர்ற வரைக்கும் உங்க பத்திரத்துல ஒருத்தியும் கையெழுத்துப் போட மாட்டா."

"ஆமா!" என்று ஈர மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு இன்னும் பல குரல்கள்.

முதலாளி எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சாயங்காலம் பேசிக்கறேன்," என்று கதவை அறைந்துவிட்டுப் போனார். எதைப் பேசுவாரோ, யாருக்குத் தெரியும்?

அவர் போனதும் எல்லோரும் நெட்டையைச் சூழ்ந்துகொண்டார்கள். கோர்ட்டில் இலவச வக்கீல் அறை இருக்கிறதாம். எல்லோருக்கும் திவால் மனு தேவைப்படாதாம். சிலருக்குத் தவணையைக் குறைத்தே முடித்து வைப்பார்களாம். ஆனால் ஒரு கடனையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

"சோபாவையுமா?" என்றாள் குட்டை.

"அதைத்தான் மொதல்ல சொல்லணும்."

பன்னிரண்டு பேர். திங்கட்கிழமை சேர்ந்தே போவது என்று முடிவாயிற்று. எட்டு மணி அடித்தது. அலமாரி நடுங்கத் தொடங்கியது. ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத," என்றாள் குட்டை, உருளையை மறுபடி ஓடவிட்டு. "ஒரு மாசம் நிம்மதியாத் தூங்கினியே, அதை நெனச்சா இன்னும் எரியுதுடி."

"திங்கக்கிழமை போயிட்டு வந்து நீயும் தூங்கு. இப்ப முனையைத் தூக்கிப் புடி, விரிப்பு தரையில படுது."