இரட்டை ஸ்பிரிங்கும் பழைய ரிடெய்னரும்

உமேஷுக்கு வெர்னியர் அளவுகோலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது என்பதை ஜெரூஷா முதல் நாளே கண்டுகொண்டாள். தாடைகளைக் கோணலாக வைத்து, திரையில் வந்த எண்ணைப் படித்துவிட்டு, பெரிய உண்மை புரிந்தவன்போல அவன் தலையாட்டினான். கார், பைக் எஞ்சின்களை டியூன் செய்து வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லிக் கீழ்க்கட்டளையில் கடை வைத்திருந்தான். கறுப்புச் சுவர், சிவப்பு விளக்கு, மூலையில் காபி மெஷின், உட்கார தோல் சோபா. போல்ட்டை அளவாக முறுக்க உருப்படியான டார்க் ரெஞ்ச் ஒன்று கிடையாது. அவன் வீடியோக்களை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு லட்சம் பேருக்கும் அளவெடுக்கத் தெரியாது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவள் அவள். வேலையை விட்டுவிட்டு, செம்பாக்கத்தில் வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை போட்டிருந்தாள். எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட் வேலை மட்டும்தான். உமேஷ் தன்னிடம் வரும் ஹெட்டுகளை அவளிடம் கொடுத்து, வால்வு உட்காரும் இடத்தை வெட்டி வாங்கிப் போவான். பிறகு வீடியோவில், எல்லாம் நம்ம கடையிலேயே செய்தது என்பான்.

ஜனவரியில் ஒரு நாள் அச்சுதன் என்பவனையும் கூட்டிக்கொண்டு வந்தான். அச்சுதன் மென்பொருள் கம்பெனிக்காரன். ஞாயிறுகளில் பந்தயத் தடத்துக்குப் போய்த் தன் சின்னக் காரை விரட்டுகிறவன். எஞ்சினை நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேலே கொண்டுபோக ஆசைப்பட்டான். அந்த வேகத்தில் பழைய ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள் கொண்ட ஸ்பிரிங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தான். அவற்றோடு சேர வேண்டிய ரிடெய்னர்கள் மட்டும் வரவில்லை. ஸ்பிரிங்கின் தலைமேல் உட்கார்ந்து அதை வால்வோடு சேர்த்துப் பிடிக்கிற வட்டத் தொப்பிதான் ரிடெய்னர். பழையதையே போட்டுவிடலாம் என்றான் உமேஷ்.

ஜெரூஷா பழைய ரிடெய்னரைத் திருப்பி அளந்தாள்.

"உமேஷ், இது ஒத்த ஸ்பிரிங்குக்குச் செஞ்சது. உள் ஸ்பிரிங்கைப் பிடிக்க இதுல படி மாதிரி விளிம்பே இல்ல. ஓடுறப்ப உள்ள அலையும்."

"அமுக்குற அமுக்குல அதுவே செட் ஆயிடும்க்கா," என்றான் உமேஷ். பிறகு அச்சுதன் பக்கம் திரும்பினான். "ஃபேக்டரில இருந்தவங்க இப்படித்தான் மச்சான். புக்ல இருக்கிறதைத் தாண்டி யோசிக்க மாட்டாங்க."

அச்சுதன் சிரித்தான்.

நான்கு நாள் கழித்து ஹெட்டை வாங்கிப்போக அச்சுதன் தனியாக வந்தான். பூட்டும் வேலையை உமேஷ் கேமரா முன்னால் தானே செய்யப்போகிறானாம். வண்டியில் ஏற்றிவிட்டுத் தயங்கி நின்றான். அன்றைக்கு ரிடெய்னர் பற்றி ஏதோ சொன்னீர்களே, பெரிய பிரச்சனையா என்று கேட்டான்.

ஜெரூஷா அவன் தலையைப் பார்த்தாள். உமேஷ் கடையின் பெயர் போட்ட தொப்பி. உள் ஸ்பிரிங் அலைந்து ரிடெய்னரைத் தின்னும், வால்வு கழன்று சிலிண்டருக்குள் விழும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

"உங்க டியூனரையே கேளுங்க," என்றாள். "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

சொன்னபோது இனிப்பாக இருந்தது. அன்று முழுவதும் அந்த இனிப்பு இருந்தது.

பிப்ரவரியில் அந்த எஞ்சின் உடைந்தது. பந்தயத் தடத்தில் அல்ல; வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில், காலை பத்து மணிக்கு. அச்சுதன் தன் மனைவி சின்மயியை அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தான். ஒரு பஸ்ஸை முந்துவதற்காக எஞ்சினை முறுக்கியபோது வால்வு விழுந்தது. பிஸ்டன் அதன்மேல் மோத, எஞ்சின் இறுகி, கார் நடுச்சாலையில் நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரி பிரேக் போட்டும் இடித்துவிட்டது.

உமேஷ் மறுவாரமே ஒரு வீடியோ போட்டான். இறக்குமதி ஸ்பிரிங்குகளில் போலி வருகிறதாம், மக்கள் ஏமாறக்கூடாதாம். விபத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஜெரூஷா அதை இரண்டு முறை பார்த்தாள். ரிடெய்னர் என்ற சொல்லே அதில் வரவில்லை. வெட்கமில்லாதவன் என்று நினைத்தாள். எஞ்சின் உடைந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அச்சுதன் உடைந்த ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தலையில் அந்தக் கடைத் தொப்பி இல்லை. ஜெரூஷா எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு ரிடெய்னரின் அடியிலும் உள் ஸ்பிரிங் வட்டமாக அரித்திருந்தது. ஒன்று அந்த அரிப்பின் வழியே விரிந்து, வால்வைப் பிடித்திருந்த லாக்கை விட்டுவிட்டது. உள் ஸ்பிரிங்குக்கும் ரிடெய்னருக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. வெர்னியரில் காட்டினாள். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை, பொருந்தாத தொப்பியை மாட்டியது யாரோ அவன்தான் இதைச் செய்தது என்றாள். நீங்கள் சொன்னது சரி என்று அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"இது அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"நான் கேட்டேன்ல?"

ஜெரூஷா வெர்னியரை மூடி மேசையில் வைத்தாள்.

"சின்மயிக்குக் கையில மூணு இடத்துல முறிவு. பிளேட் வெச்சிருக்கு." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "உமேஷ் முட்டாள் மேடம். அவனுக்குத் தெரியாது. நீங்க முட்டாள் இல்ல."

உமேஷைப் பற்றி நினைக்கும்போது தன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு முகத்தோடு அவன் தன்னைப் பார்ப்பதை ஜெரூஷா கண்டாள். அவன் ஹெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன்னைக் கிண்டல் செய்தபோது சிரித்தவன் இவன்தானே. சாப்பிடும்போது கணவன் காலேப்பிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர். மற்றவர் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுகிறவன். கடைசியில், அந்தப் பெண்ணின் வலது கையா இடது கையா என்று மட்டும் கேட்டான். ஜெரூஷாவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை.

ஏப்ரலில் உமேஷ் ஒரு பைக் ஹெட் அனுப்பினான். அதே போல இரட்டை ஸ்பிரிங், அதே போலப் பழைய ரிடெய்னர். இத்தனைக்குப் பிறகும் அவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு வியப்பாக இல்லை. கூட வந்த சீட்டில் சொந்தக்காரியின் பெயர் ஜோவிதா என்றும், கீழே போன் எண்ணும் இருந்தன. ஜெரூஷா உமேஷிடம் பேசவில்லை. நேராக அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

ஜோவிதா முதலில் நம்பவில்லை. வேலையைத் தட்டிப்பறிக்கத்தானே கூப்பிடுகிறீர்கள் என்று நேராகவே கேட்டாள். ஜெரூஷாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வைத்துவிடவில்லை. வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், இந்த ரிடெய்னரை மட்டும் போடாதீர்கள் என்று சொல்லி, அளவுகளைப் படம் எடுத்து அனுப்பினாள். பிப்ரவரியில் என்ன நடந்தது என்பதையும், தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்தே சொன்னாள். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் உமேஷ் பட்டறைக்கே வந்துவிட்டான்.

"என் கஸ்டமர்கிட்ட நீங்க எதுக்குப் பேசுறீங்க?"

"உன்கிட்ட சொன்னா உன் காதுல ஏறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. வண்டி ஓட்டுறவங்கள்ட்டயாவது சொல்லணும்ல."

இனி அவளுக்கு ஒரு ஹெட்டும் வராது என்றான். சொன்னபடியே செய்தான். லேத் ஆண்ட்டிகள் வளர்ச்சியைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு வீடியோவும் போட்டான். வழக்கம்போல லட்சம் பேர் கைதட்டினார்கள்.

ஜோவிதா மூன்று வாரம் காத்திருந்து, அந்த ஸ்பிரிங்குக்கென்றே செய்த ரிடெய்னர்களை வரவழைத்துக்கொண்டு செம்பாக்கத்துக்கு வந்தாள். ஜெரூஷா ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து, வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரத்தையும், முழுக்கத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கிறதா என்பதையும் அளந்து, ஜோவிதாவையே படிக்கச் சொன்னாள். அவளுக்கும் முதலில் வெர்னியரைப் பிடிக்க வரவில்லை. ஜெரூஷா சிரிக்காமல் அவள் கையைத் திருப்பி வைத்தாள்.

அந்த வாரம் ஜெரூஷா சின்மயிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். தான் யார் என்றும், அன்று சொல்லியிருக்க வேண்டும் என்றும் எழுதி, கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது.

"வலது கை. இன்னும் பேனா பிடிக்க முடியல."