சவப்பெட்டியின் மேல் ஒரு கோழிக்குஞ்சு

மனாங் பாசிங் செத்துவிட்டாள் என்று சொன்னபோது இலோய்லோ நகரத்தில் பாதிப் பேர் நம்பவே இல்லை. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவளாயிற்றே! காலை பத்து மணிக்கு உலையை ஏற்றிவிட்டு ரேடியோவைத் திருகினால் போதும், அந்தக் குரல் வந்துவிடும். "சோத்துப் பானைய இறக்கியாச்சா? இறக்கிட்டு வாங்க. இன்னிக்கு யார் மானம் கப்பலேறுதுன்னு பார்ப்போம்!"

மனாங் என்றால் அக்கா. அவள் ஊருக்கே அக்கா. மனக்குறை உள்ளவர்கள் ரேடியோ நிலையத்து வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து முறையிடுவார்கள். குறைக்குக் காரணமான ஆள் எங்கே இருந்தாலும் மனாங் பாசிங் அவனைப் போனில் பிடித்து, நேரலையிலேயே நார் நாராகக் கிழிப்பாள். கூலி கொடுக்காத முதலாளி, குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், படுக்கை இல்லை என்று நோயாளியை விரட்டுகிற ஆஸ்பத்திரிக்காரன், எல்லோருக்கும் ஒரே அர்ச்சனைதான். கிழிபடுகிறவன் நம் வீட்டு ஆளாக இல்லாதவரை கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்.

இப்போது அவள் சொந்த வீட்டு முன்னறையில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள், உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வாயை மூடிப் படுத்திருந்தாள். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்திருக்கிறார்களோ என்று மகள் ரோவேனாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

துக்க வீட்டில் பெருக்கக்கூடாது என்பதால், வந்தவர்கள் கொறித்துத் துப்பிய தர்ப்பூசணி விதைத் தோல் தரையெங்கும் கிடந்து காலில் குத்தியது. தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் சீட்டாட்டம் நடந்தது. அடுத்த வீட்டு மனாங் லூமென்தான் வந்தவர்களுக்கெல்லாம் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தாள். எல்லோரையும்விட அதிகமாக அழுததும் அவள்தான்.

"புயல்ல என் கூரை பறந்தப்போ யார் வந்தா? கவர்னரா வந்தாரு? உங்கம்மாதான் ரேடியோவுல கத்தி, சாயங்காலத்துக்குள்ள தகரம் வாங்கிக் குடுத்தா," என்று லூமென் மூக்கைச் சிந்தினாள்.

"என் பொண்ணுக்கு ரத்தம் கிடைச்சதே அந்தக் குரலாலதாம்மா," என்றான் ஜீப்னி சிற்றுந்து ஓட்டுகிற ஒருவன். பெட்டிக் கண்ணாடியில் கண்ணீர் விழுந்துவிடக்கூடாதே என்று இரண்டடி தள்ளியே நின்றான்.

மீன்காரி ஒருத்தி குனிந்து பெட்டிக்குள் நன்றாகப் பார்த்தாள். "என் தராசுல கோளாறுன்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா? அப்புறம் ஒரு வருஷம் என் கூடைப் பக்கம் ஈ கூட வரல." பிறகு எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்துவிட்டாள். "சரி விடு, செத்தவளப் பத்தி என்ன பேச்சு. நல்லவதான்."

நல்லவள்தான். எல்லோரும் அந்த வார்த்தையில்தான் முடித்தார்கள். சிலர் அதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ரோவேனா "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று சொல்ல வாயைத் திறந்தாலே வந்தவர்கள் திடுக்கிட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள். அச்சு அசல் அம்மாவின் குரல் அவளுக்கு.

அந்தக் குரலில்தான் நிலைய மேலாளர் ஆர்வினுக்குக் கண். "நாளைக்கு இடுகாட்டுலேர்ந்து நேரலை, வேனா. சரியா அம்மாவோட நேரத்துக்கு. 'சோத்துப் பானைய இறக்கியாச்சா'ன்னு நீ ஆரம்பிக்கணும். ஊர் அப்படியே உருகிடும். திங்கக்கிழமைலேர்ந்து அந்த நாற்காலி உன்னோடது."

நகராட்சி அலுவலகத்தில் ரோவேனாவின் ஒப்பந்த வேலை போன மாதத்தோடு முடிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா? சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் அடக்கம். அன்று மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஒல்லியான கிழவர், சலவை செய்த சட்டை. யாரிடமும் பேசாமல் நேரே பெட்டியிடம் போனார். மடித்த தொப்பியிலிருந்து ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சை எடுத்துக் கண்ணாடிமேல் விட்டார். பக்கத்தில் ஒரு பிடி அரிசியைத் தூவினார்.

குஞ்சு கீச்கீச்சென்று கத்திக்கொண்டு கொத்தத் தொடங்கியது. டக், டக், டக்.

பந்தலில் சீட்டு நின்றது. கொலையானவர்களின் பெட்டிமேல்தான் அப்படிக் குஞ்சை விடுவார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனசாட்சியில் போய்க் கொத்தும் என்பது ஊரறிந்த விஷயம். மனாங் பாசிங்கோ ரத்தக்கொதிப்பு முற்றி, ஆஸ்பத்திரியில், பிள்ளையும் புருஷனும் பக்கத்தில் இருக்க நல்ல சாவு செத்தவள்.

"யோவ்! என்னய்யா இது அநியாயம்?" என்று லூமென் காப்பித் தட்டோடு ஓடிவந்தாள். "எங்கக்காவ யார் கொன்னா? குடிச்சிட்டு வந்திருக்கியா?"

"அவள யாரும் கொல்லலம்மா," என்றார் கிழவர் பணிவாக. "அவதான் கொன்னா."

ரோவேனாவின் சித்தப்பா ஒருவர் கிழவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "அவர விடுங்க," என்றாள் ரோவேனா. அந்தக் குரல் காதில் விழுந்ததும் கிழவர் தலையில் அடி விழுந்த மாதிரி கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தன் குரலைக் கேட்டு ஒரு மனுஷன் இப்படிப் பயப்படுவதை அவள் பார்த்ததே இல்லை.

அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தாள். பெயர் கிரிசாந்தோ என்றார். முதலில் காப்பி வேண்டாம் என்றார், பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"என் சம்சாரம் அடெல்ஃபா. வீடு வீடா துணி துவைப்பா. ஒரு வீட்டுக்காரம்மா தங்கச் சங்கிலியக் காணோம்னு உங்கம்மாகிட்ட போயிருச்சு. உங்கம்மா எங்க தெரு பேக்கரிக்கு போன் போட்டு இவளக் கூப்பிடச் சொன்னா. இவளுக்கு ஒரே சந்தோஷம். மனாங் பாசிங் என்கூடப் பேசறாங்கன்னு ஈரக் கையத் துடைச்சிட்டு ஓடுனா." அவர் காப்பித் தம்ளரைத் தரையில் வைத்தார். "திருடின்னு சொன்னா. அழுக்குத் துணியோட அடுத்தவ கழுத்தையும் சேர்த்து உருவறவன்னு சொன்னா. பேக்கரில ரொட்டி வாங்க நின்னவன்லாம் சிரிச்சான். இவ போன வைக்கத் தெரியாம கடைசி வரைக்கும் கேட்டுட்டே நின்னா."

"சங்கிலி?"

"தலையணை உறைக்குள்ள இருந்துச்சு. அந்தம்மாவே போய் உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கு. அடெல்ஃபா அடக்கத்தன்னிக்கு என்கிட்ட வந்து அழுதுச்சு, 'நான் சொல்லிட்டேன், அவங்கதான் ரேடியோவுல சொல்லல'ன்னு." கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நெஞ்சுச் சளிம்மா அவளுக்கு. மருந்து குடிச்சாச் சரியாப் போற நோவு. சுகாதார நிலையத்துல வரிசைல நிக்கணுமே, நாலு பேர் பார்ப்பாங்களேன்னு போகவே மாட்டேன்னுட்டா. நான் தூக்கிட்டுப் போனப்போ நேரமாயிருச்சு."

எதைப் பேசினாலும் அம்மாவின் குரலில்தானே வரும் என்று ரோவேனா வாயை மூடிக்கொண்டாள்.

"அவ பெட்டி மேலயும் குஞ்சு விட்டேன். ஊர் சிரிச்சுது, சளில செத்தவளுக்கு எதுக்குய்யா குஞ்சுன்னு. அது பாட்டுக்கு ராவும் பகலும் கொத்துச்சு. இங்க உங்கம்மா அடுத்த நாளும் அதே சிரிப்போட சோத்துப் பானைய இறக்கச் சொல்லுறா. ஆள் தெரியாமக் கொத்திருச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் இப்ப நேரா இங்கயே கொண்டாந்துட்டேன்."

"நான் என்ன செய்யணும், ஐயா?"

"நாளைக்கு நீ பேசப் போறியாமே. ஊர் நம்புனது இந்தக் குரலத்தான். இதே குரல்ல ஒரு தடவை, அடெல்ஃபா எடுக்கலன்னு சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அவர் எழுந்தார். யாரும் வழியனுப்பவில்லை. துக்க வீட்டிலிருந்து போகிறவரை வழியனுப்பக்கூடாது.

அடுப்படியில் அப்பா எர்னிங் கோழிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். ரோவேனா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, சங்கிலி கிடைச்சது அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"எப்படிச் சொல்லுவா? ஒண்ணு தப்புன்னு ஒத்துக்கிட்டா, எல்லாமே தப்பும்பானுங்க. நாளைக்கு எந்த முதலாளி அவ போனுக்குப் பயப்படுவான்? எந்த ஆஸ்பத்திரிக்காரன் கட்டில் குடுப்பான்? அந்தப் பொம்பள செத்த சேதி வந்தன்னிக்கு உங்கம்மா சாப்பிடல. எனக்குத் தெரியும், நான்தான் தட்ட எடுத்துக் கழுவுனேன்." பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "அவ மண்ணுக்குப் போறப்போ நல்ல பேரோட போகட்டும், மகளே. உன் கால்ல வேணா விழறேன்."

"ஐயோ, என்னப்பா பேச்சு இது!" என்று அவள் அவர் தோளைப் பிடித்தாள். அம்மாவை அவளுக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துக்கு மதியச் சோற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு வாய் ஊட்டிவிட்டு ஓடுகிற அம்மா. யார் அழுதாலும் கைப்பையைத் திறக்கிற அம்மா. அடெல்ஃபாவைக் கொன்றதும் அதே அம்மாதான் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது? முன்னறையில் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சித்தப்பா குஞ்சை எடுத்து வெளியே எறியப் போனார். அது அங்கேயே இருக்கட்டும் என்று ரோவேனா சொன்னதில் பாதிக் குடும்பம் அவளோடு பேச்சை நிறுத்தியது.

மறுநாள் இடுகாட்டில் எள் விழ இடமில்லை. கல்லறைகள் மேலெல்லாம் ஏறி நின்றார்கள். குடை பிடித்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டவர்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்து முடித்ததும் ஆர்வின் மைக்கை ரோவேனா கையில் திணித்துக் கட்டைவிரலைக் காட்டினான். கூட்டத்தின் ஓரத்தில் கிரிசாந்தோவின் சலவைச் சட்டை தெரிந்தது. அப்பா அவளைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோத்துப் பானைய இறக்கியாச்சா?" என்றாள் ரோவேனா.

கூட்டம் ஓவென்று அழுதது. எத்தனையோ ரேடியோக்களில் அந்தக் குரல் ஒரு கணம் தள்ளித் திரும்பி வந்தது. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆர்வின் சிரித்த முகத்தோடு கண்ணைத் துடைத்தான்.

என் அம்மா ஒரு தவறு செய்தார் என்று தொடங்கத்தான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"துணி துவைக்கிற அடெல்ஃபாவத் திருடின்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? அவ எடுக்கல. சங்கிலி தலையணைக்குள்ளயே இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல. சிரிச்சவங்க எல்லாரும் கேட்டுக்கங்க. அடெல்ஃபா சுத்தமானவ. நான்தான் தப்பு."

அழுகை நின்றது. கிரிசாந்தோ பக்கத்திலிருந்த கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்து, "கேட்டியா, அடெல்ஃபா? கேட்டியா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். ஆர்வினின் முகம் வெளிறிப்போயிருந்தது. போதும், நிறுத்து என்று கையை வீசினான். நாற்காலியும் போயிற்று, அம்மாவின் பெயரும் போயிற்று, அப்பா இனி முகம் கொடுத்துப் பேசுவாரோ மாட்டாரோ என்று ரோவேனா மைக்கைத் தாழ்த்தினாள்.

யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள். அடுத்த வீட்டு மனாங் லூமென். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று ரோவேனா நினைத்தாள்.

"என் பையனும்தான்," என்றாள் லூமென் அடிக்குரலில். "ஜோனெல். ராத்திரி லேட்டா வர்றான், கொஞ்சம் மிரட்டி வை அக்கான்னு நான்தான் போய்ச் சொன்னேன். அவ பாட்டுக்குப் போதைக்காரன்னு சொல்லிட்டா. அவன் சிகரெட் கூடத் தொட்டதில்லடி. மணிலா போனவன் திரும்பி வரவே இல்ல." பிடி இறுகியது. "வேனா, அவன் இந்தக் குரல்ல சொன்னா நம்புவான். வீட்டுக்கு வந்துருவான். சொல்லேன்."

"அம்மா கூரை போட்டுக் குடுத்தாங்கன்னு அப்படி அழுதீங்களே, மனாங்?"

"கூரையும் அவதான் போட்டா," என்றாள் லூமென். "நான் என்ன செய்ய?"

அவளுக்குப் பின்னால் மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் பின்னால் கோட் போட்ட ஒரு வாத்தியார். அவர் பின்னால் ரோவேனாவுக்குத் தெரியாத முகங்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. நிலையத்து வாசல் பெஞ்சில் முறையிட உட்கார்ந்திருப்பார்களே, அதே பொறுமையோடு நின்றார்கள்.

குழி வெட்டியவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வெயிலைப் பார்த்தான். "பெட்டிய இறக்கிடலாங்களா?"

ரோவேனா அப்பாவைப் பார்த்தாள். அவர் தொப்பியை முகத்திலிருந்து எடுத்திருந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்று அவள் மைக்கைத் தூக்கினாள். "அம்மா இன்னும் பேசி முடிக்கல."