லேபல் ஒட்டிய பார்சல்

நஜ்முன் நிஸாவின் கருவாடு இரண்டு தடவை லோஞ்சுப் படகேறித் திருகோணமலைக்குப் போய், இரண்டு தடவையும் மூதூருக்கே திரும்பி வந்துவிட்டது. கருவாட்டில் ஒரு பழுதும் இல்லை. பழுதெல்லாம் பெட்டியில்தானாம்!

அங்கே துறைமுகத்துப் பக்கம் இருந்த உணவு விநியோக ஸ்டோரில் அந்த வருஷம் புதுச் சட்டம் வந்திருந்தது. பெட்டி இப்படி, லேபல் இப்படி, பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டு இப்படி என்று ஒன்பது விதிகளை எழுதி வாசலில் அறைந்திருந்தார்கள். அதற்குக் காவல் தெய்வம் ஸ்டோர்கீப்பர் சோமசேகரம். முதல் தடவை அவள் பழைய தேயிலைப் பெட்டிகளில் அடைத்துப் போனாள். தோட்டத்து முத்திரை அழியவில்லை என்று திருப்பினார். அடுத்த தடவை புதுப் பலகைப் பெட்டி. அடிமட்டத்தை வைத்து அளந்து பார்த்து, ஒரு வரிசை தட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். மூன்றாம் தடவையும் பிழை வந்தால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்களாம். மாரி தொடங்கப் போகிறது. இந்த ஸ்டோரை விட்டால் நாற்பது பெட்டியையும் வாங்க ஆளில்லை. அவளும் அவளோடு வேலை செய்யும் ஐந்து பெண்களும் கருவாடு போடும் வாடியைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

சட்டம் சட்டம்தான் என்று அவளும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த மனிதர் பெட்டிகளைத் திருப்பினாரே ஒழிய, பார்சலைத் திருப்பவில்லை. சாமான் கொண்டுபோகிற எல்லாரும் அதில் நல்லதாக இரண்டு இறாத்தலைப் பேப்பரில் சுற்றி அவருடைய மேசைக்குக் கீழே தள்ளிவிடுவது வழக்கம். அதற்கு அடிமட்டமும் இல்லை, லேபலும் இல்லை.

இரண்டாம் தடவை திரும்புகால் லோஞ்சுக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் அந்த ஒன்பது விதிகளையும் எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஏழாவதில் கண் நின்றது. ஸ்டோருக்குள் வரும் எந்தப் பொதியானாலும் லேபல் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது, நிறை, கட்டிய திகதி, அனுப்புபவர், பெறுபவர் எல்லாம் அதில் தெரிய வேண்டும்.

மூன்றாம் முறை பெட்டிகளைத் தட்டில் நூல் பிடித்து அடுக்கினாள். பிறகு பார்சலை எடுத்து அதற்கும் ஒரு லேபல் எழுதினாள். தமையன் பக்கீர் அதைப் பார்த்துப் பதறிப்போய், உனக்கென்ன விசரா என்று கேட்டார்.

"காக்கா, சட்டம் எண்டா எல்லாத்துக்கும் சட்டம்தானே," என்றாள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மனேஜர் குலசிங்கம் ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க வருவார். அதற்காகவே சாமானை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்து கொண்டுபோனாள். பார்சலை மேசைக்குக் கீழே தள்ளவில்லை. பெட்டிகளுக்கு மேலே, லேபல் வெளியே தெரியும்படி வைத்தாள். சோமசேகரம் அடிமட்டத்தோடு வரவும் மனேஜர் வரவும் சரியாக இருந்தது. மனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்.

"உள்ளே: கட்டாக் கருவாடு, முதல் தரம். நிறை: இரண்டு இறாத்தல். கட்டிய திகதி: ஒக்டோபர் முதலாம் திகதி. அனுப்புபவர்: நஜ்முன் நிஸா, மூதூர். பெறுபவர்: ஸ்டோர்கீப்பர் சோமசேகரம். வழமையான அன்பளிப்பு."

சோமசேகரத்தின் முகம் வேகவைத்த இறாலாய்ச் சிவந்துவிட்டது.

"ஏழாவது விதிப்படி ஒட்டினனான், ஐயா," என்றாள் அவள், ஒன்றும் அறியாத பூனை மாதிரி.

மனேஜர் அவளைப் பார்த்தார். சோமசேகரத்தைப் பார்த்தார். "லேபல்ல ஏதும் பிழை இருக்கோ?"

"இல்லை, சேர்."

"பெட்டியளில?"

அடிமட்டம் கையில் அப்படியே இருந்தது. "இல்லை, சேர்."

நாற்பது பெட்டியும் உள்ளே போயின. மனேஜர் பார்சலை அவளிடமே கொடுத்துவிட்டு, லேபலை மட்டும் கிழியாமல் உரித்து வாசலில் விதிகளுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். இதைவிடத் தெளிவான லேபலைத் தான் கண்டதில்லையாம். இனி எல்லாரும் இதைப் பார்த்தே எழுத வேண்டுமாம். விளங்காதவர்களுக்குச் சோமசேகரமே சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

அடுத்த தடவை அவள் சாமானோடு போனபோது, கிளிவெட்டியிலிருந்து மிளகாய் கொண்டுவந்த கனகசுந்தரம் அந்த லேபலுக்கு முன்னால் பென்சிலும் கையுமாக நின்றார். ஒரு சூதும் தெரியாத மனிதர்.

"பெறுபவர் எண்ட இடத்தில உங்கட பேரைத்தானே தம்பி எழுத வேணும்? கடைசி வரியும் அப்பிடியேயோ?"

சோமசேகரம் தலையைக் குனிந்தபடி, "அந்த ரெண்டும் வேண்டாம், அண்ணை," என்றார்.

பின்னால் நின்ற நஜ்முன் நிஸா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.